ஹிசானோ ஊற்றைக் கழுவிய நாள்

ஹிசானோ குதோ 1958-ஆம் ஆண்டு கடலோர ஊர் ஒன்றில் பிறந்தார். இருபத்து நான்காம் வயதில் அகனெசாவா என்னும் மலைக்கிராமத்துக்கு மருமகளாக வந்தார். மாமியாருக்குப் பின் ஊர்ப் பொதுக் குளியலறையின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. பிள்ளைகள் இருவரும் செந்தாய் நகரில் வேலை பார்த்தனர்.

அந்த ஊற்றுநீரின் வெப்பம் பத்தொன்பது டிகிரி. விறகால் சூடாக்கித்தான் தொட்டியில் விட்டார்கள். இருபத்தைந்து டிகிரிக்குக் குறைந்த நீர் 'மருத்துவ ஊற்று' என்ற பெயரைப் பெற, சட்டம் சொன்ன பொருள்களில் ஏதேனும் ஒன்று போதிய அளவில் இருந்தாக வேண்டும். அகனெசாவாவுக்குக் கந்தகம் ஒன்றே துணை. கிலோவுக்கு இரண்டு மில்லிகிராம் வேண்டும். முந்தைய சோதனையில் இரண்டைச் சற்றே தாண்டியிருந்தது. பத்து ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி அளக்க வேண்டும். குறைந்துவிட்டால், எந்தெந்த நோய்க்கு ஆகும் என்று வாசலில் எழுதி வைத்திருந்த மரப்பலகை இறங்கிவிடும். பலகையோடு குளிர்காலத்தில் வாரக்கணக்காய்த் தங்கிக் குளிப்பவர்களும் போய்விடுவார்கள். அவர்கள் போனால் விறகுக்கு வழியில்லை, குளியலறைக்குப் பூட்டுத்தான்.

அந்தப் பயத்தால் ஹிசானோ சோதனையைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். 2016 நவம்பரில் இனியும் தள்ள முடியவில்லை. ஆய்வுக்கூடத்து ஆள் வரும் நாளுக்கு மறுநாளே பனிக்காக மலைச்சாலையில் பேருந்தை நிறுத்தவிருந்தார்கள்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும்: அழுக்கைக் கண்டால் ஹிசானோவுக்குக் கை பரபரக்கும். விருந்தாளி வருகிறார் என்றால் கேட்கவே வேண்டாம்.

"ஹிசானோ சான்! என்ன இது, இன்னிக்குக் கந்தக வாசமே காணோமே!" என்று குளியலறையிலிருந்து தலையை நீட்டினார் தொதொரோகி. இடுப்புவலிக்காக ஆண்டுதோறும் வந்து தங்கும் பழைய மீன் வியாபாரி அவர்.

"ஊத்துத் தொட்டி மூடியத் திறந்து காத்தாட விட்டிருக்கேன். பட்டணத்துலேர்ந்து வர்ற மனுஷன் மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னா நமக்குத்தானே அசிங்கம்?"

ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த சகுமா கல்தொட்டியின் அருகே மண்டியிட்டார். ஒரு குவளை மொண்டு முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார்.

"குதோ சான், ரொம்ப நல்ல தண்ணி."

ஹிசானோவின் முகம் மலர்ந்தது.

"இதுல டீ போடலாம்" என்றார் சகுமா சோகமாக. "ஓடைத் தண்ணி ஏதும் கலந்துச்சா?"

"சேச்சே, கலக்கலைங்க. கழுவினேன். பிசுபிசுன்னு வெள்ளையா ஒட்டிக் கிடந்துச்சு. விடியக்காலையில இருந்து குழாய் போட்டு ஓடைத் தண்ணிய ஊத்திக்கிட்டுத்தான் இருக்கேன்."

"இப்பவுமா?"

"ஆமாங்க. நீங்க வர்றீங்களே!"

தொதொரோகி சிரித்த சிரிப்பில் கூரைப்பனி உதிர்ந்தது. "போச்சு போ! நோயையெல்லாம் எங்ககிட்டயே விட்டுட்டு மருந்தை மட்டும் கழுவி விட்டுட்டா மகராசி!"

சகுமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்; மூன்றரைக்குக் கடைசிப் பேருந்து. "குழாயை நிறுத்துங்க. உள்ள இருக்கிறதை இறைச்சு ஊத்திட்டு மூடிய நல்லா மூடுங்க. ஊத்து தானா ஊறட்டும். காத்து பட்டா கந்தகம் பறந்துடும்."

இடுப்புவலியை மறந்து தொதொரோகியும் வாளி பிடித்தார். இறைத்து மூடிய பின் காத்திருந்தார்கள். ஹிசானோ புகையில் வாட்டிய முள்ளங்கி ஊறுகாயை நீட்டினார். மூக்கு மந்தமாகிவிடும் என்று சகுமா மறுத்துவிட்டார். ஹிசானோவின் மூக்கோ அந்த நாற்றத்துக்குப் பழகி மரத்துப்போனது. இருக்கிறதா இல்லையா என்று பிறர் முகத்தைப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் தொதொரோகி மூடியின் இடுக்கில் முகத்தை வைக்கும்போதெல்லாம் ஹிசானோ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதாச்சும் வருதா?"

"உன் ஊறுகாய் வாசம்தான் வருது. தூரப் போ!"

மூன்று மணி தாண்டியது. சகுமா மூடியின் ஓரத்தைத் தூக்கினார். அடுத்த நொடியே பின்னால் சாய்ந்து இருமினார். கண்ணில் நீர் முட்டியது.

"நாறுது!"

"நெசமாவா? நல்லா நாறுதா?"

"அழுகின முட்டைங்க! தாங்கலை!"

ஹிசானோ தொதொரோகியின் இரு கைகளையும் பற்றிக்கொண்டு பனியில் குதித்தார். சத்தம் கேட்டு ஓடிவந்த அண்டை வீட்டார் ஒவ்வொருவராய்க் குனிந்து, "ஐயோ, என்ன நாத்தம்!" என்று அலற, ஒவ்வோர் அலறலுக்கும் அவர் இடுப்பு வளைத்து நன்றி சொன்னார். சிரிப்பு அடங்காமல் எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். சகுமாவும் சிரித்துக்கொண்டேதான் ஊற்றுக்கண் அருகே புட்டியை நிரப்பினார், மருந்துத்துளி விட்டுக் கந்தகத்தை உள்ளேயே பிடித்து அடைத்தார், பேருந்துக்கு ஓடினார். அவர் ஏறியதும் ஓட்டுநர் அந்தக் குளிரிலும் சன்னல்களைத் திறந்துவிட்டாராம்.

டிசம்பரில் முடிவு வந்தது: இரண்டு புள்ளி இரண்டு. ஹிசானோ வாசற்பலகையைத் துடைத்துத் துடைத்துப் பளபளக்க வைத்தார். ஊற்றின் மூடியைத் தொடவில்லை.

அடுத்த சோதனைக்கு இன்னும் பத்து ஆண்டுகள்.