மெழுகுவத்தி பிடித்த படம்

அஞ்சலி பிளக்ஸ் கட்டிய அன்று பாளையம்பட்டி பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள்: அக்கா, நான், அக்கா மகனோடு மில்லில் வேலை பார்த்த இரண்டு பெண்கள், பிளக்ஸ் கட்ட வந்த கடைக்காரர். எதிரே டீக்கடைக்காரர் கடையை விட்டு இறங்கவில்லை. அதனால் அவரைச் சேர்க்கவில்லை.

அக்கா மகனுக்குப் பத்தொன்பது வயது. ஷிப்டு முடிந்து வரும் வழியில் பெட்ரோல் தீர்ந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓர் ஊரைக் கடந்திருக்கிறான். அந்த ஊரில் அப்போது ஆடுகள் களவு போய்க்கொண்டிருந்தன. பிடித்துக் கட்டிவைத்து அடித்தார்கள். விடியும்போது உயிர் இல்லை. திருடியது வேறு ஆட்கள் என்று நாலைந்து நாளில் போலீஸே சொல்லிவிட்டது. ஆனால் முதல் நாள் பேப்பரில் ‘ஆடு திருட வந்தவர்’ என்று வந்ததுதான் ஜனங்கள் மனதில் நின்றது.

அதற்குச் சில வாரம் முன்பு, எங்கோ பெரிய நகரத்தில் ஒரு கல்லூரிப் பெண்ணைக் கொன்றுவிட்டார்கள். அந்தப் பிள்ளைக்காக இதே நிறுத்தத்தில் ரோடு அடைக்கக் கூட்டம். எல்லார் கையிலும் மெழுகுவத்தி. அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன், நானும் அழுதேன். அக்கா மகனும் மெழுகுவத்தி பிடித்து நின்றான்.

அவன் முகம் தெளிவாக விழுந்திருந்த படம் அன்று எடுத்தது ஒன்றுதான். அதைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்த பிளக்ஸ் கடைக்காரர், “அண்ணே, தனக்குத்தானே மெழுகுவத்தி பிடிச்ச மாதிரி இருக்கு. அழிச்சிட்டுப் பூ வச்சிரவா?” என்றார்.

“இருக்கட்டும்யா. அவனுக்குப் பிடிக்க வேற யாரு வரப்போறாக?” என்றாள் அக்கா.

கண்ணீர் அஞ்சலிக்குக் கீழே ஒரு வரி போடச் சொன்னாள்: ‘என் மகன் திருடன் இல்லை.’ நான் எட்டாவதோடு நின்றவன், போலீஸ் ஸ்டேஷன் இருக்கிற தெருவையே சுற்றிக்கொண்டு போகிறவன். அடித்த ஊர்க்காரர்களும் இந்த வழியாகத்தான் டவுனுக்கு வருகிறார்கள்.

“அக்கா, அந்த வரி வேணாமே. வம்பாயிரும்.”

“ஏலே, பயமா இருந்தா நீ வீட்டுல இரு. நான் கட்டிக்கிறேன்.”

போனேன். கட்டினோம். அக்கா மடியில் ஒரு பாக்கெட் மெழுகுவத்தியோடு பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸு வந்தது, போனது. ஜன்னல் வழியாகப் படித்தார்கள். இறங்கிய ஓர் அம்மா மட்டும் பக்கத்தில் வந்து, “நெசமாவே எடுக்கலையா?” என்று கேட்டார்.

“எடுக்கல தாயி.”

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். டீக்கடைக்காரர் அங்கிருந்தே சொன்னார்: “அன்னைக்கு மெழுகுவத்தி பிடிக்க வந்தவுகளும் இந்த ரோட்டுலதான் போறாக. இன்னைக்கு எல்லாருக்கும் கழுத்துச் சுளுக்கு.”

யாரும் சிரிக்கவில்லை. பாக்கெட்டைப் பிரிக்காமலே அக்கா எழுந்தாள்.

கருமாதி முடிந்ததும் பிளக்ஸை இறக்கிவிடுவது வழக்கம். மரச்சட்டம் வாடகைக்கு எடுத்தது. கடைக்காரர் திருப்பிக் கேட்டார். அக்கா விடவில்லை. “பாக்காதவுக இன்னும் இருக்காகல்ல” என்றாள்.

யாராவது கிழித்திருப்பார்களோ என்று காலையில் எழுந்ததும் ஓடிப்போய்ப் பார்க்கிறேன். கிழிக்கவில்லை. வெயிலில் மஞ்சள் வெளுத்து மெழுகுவத்தியின் சுடர் போய்விட்டது. முகம் இருக்கிறது. அந்த வரியும் இருக்கிறது. சட்ட வாடகை ஏறிக்கொண்டே போகிறது. கடைக்காரருக்கு இன்று வரை பாக்கி ஆயிரத்து நானூறு ரூபாய்.