தறிக்குழியில் ஒரு முற்பகல்

எனக்கு அறுபது வயது ஆனதும் மகன், "இனிமே நீங்க தறியில உக்கார வேணாம் நைனா, ரேடியோ கேட்டுகினு சும்மா இருங்க" என்றான். எனக்கும் அது பெருமையாக இருந்தது. ஒரு வருடம் ஈசிசேரை விட்டு நகரவில்லை. குடிக்கத் தண்ணீர்கூட மருமகள்தான் கொண்டுவருவாள்.

போன தை மாதம் வீட்டார் எல்லோரும் வந்தவாசிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். எங்களுடையது குழித்தறி, நெய்பவர் காலைத் தொங்கவிட இடுப்பளவு பள்ளம் இருக்கும். அதில் ஊடுநூல் ஓட்டும் நாடாக்கட்டை விழுந்து கிடப்பதைப் பார்த்து, எடுக்க இறங்கினேன். காலமெல்லாம் தறி மிதித்த கால்கள் மடங்கிவிட்டன. எழ முடியவில்லை. கத்தினேன். ஆரணியில் எங்கள் தெரு முழுக்கத் தறிச் சத்தம், யாருக்குக் கேட்கும்?

மதியச் சாப்பாட்டுக்குத் தறிகள் நின்றபோதுதான் என் குரல் பக்கத்து வீட்டுக்காரருக்கு எட்டியது. "என்னா பெரியவரே, குழியில என்னா பண்ணிகினு இருக்கீங்க?" என்று கேட்டபடியே தூக்கிவிட்டார்.

இப்போது தினமும் பக்கத்து ஊரான சேவூர் வரை நடக்கிறேன். மதியம் மகன் தறியை விட்டுச் சாப்பிட எழுந்ததும் ஒருமுறை குழியில் இறங்கி ஏறுகிறேன். இன்னும் கையை ஊன்றித்தான் ஏற முடிகிறது. அதனால், தெருவில் எல்லாத் தறியும் நின்றுவிட்டதா என்று காது கொடுத்துக் கேட்ட பிறகே இறங்குகிறேன்.