அளக்காத புகை

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் செல்லப்பிராணிகளை எரிக்கும் கூடம் ஒன்று வந்தது. எங்கள் நாயையும் அங்கேதான் எரித்தோம். அதனால் புகார் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் மேல்காற்று வீசும் நாட்களில் புகை நேராக வீட்டுக்குள் வந்தது. ஆஸ்துமா உள்ள என் மனைவி மூச்சுக்குத் தவித்தாள். மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன்.

விசாரிக்க வந்த அதிகாரியின் கையில் கருவி எதுவும் இல்லை. கூடத்தின் பதிவேட்டைப் புரட்டி, எரித்த நாய்களை எண்ணினார். எல்லாவற்றுக்கும் ஒரே எடையைப் போட்டார். ஒரு கிலோவுக்கு இவ்வளவு புகை என்று அச்சிட்டிருந்த அட்டவணையைப் பார்த்துப் பெருக்கினார்.

“வரம்புக்குள்ளதான் சார் வருது” என்றார்.

அட்டவணையை வாங்கிப் பார்த்தேன். அது வடிகட்டி பொருத்திய கேஸ் உலைக்கானது. இங்கே எரிவதோ விறகு. வடிகட்டியும் கிடையாது.

“எங்க நாயத் தூக்க ரெண்டு ஆளு வேணும் சார். நீங்க போட்டிருக்க எடை ஒரு குட்டிக்குத்தான் காணும்” என்றேன்.

“எல்லா ஊர்லயும் இப்படித்தான் மதிப்பிடுறது.”

கூட வந்திருந்த என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. “இம்புட்டுக் கணக்குப் போட்டீயளே, ஒருதரம் மூச்சு இழுத்துப் பாத்தீயளா?” என்று கேட்டாள்.

அதிகாரி விசாரணைத் தாளை நீட்டி என் கையெழுத்தைக் கேட்டார். ‘புகை அளக்கப்படவில்லை’ என்று எழுதிவிட்டுத்தான் போட்டேன். அடுத்த மாதம் அறிக்கையின் நகல் வந்தது. தட்டச்சு செய்ததில் அந்த ஒரு வரி மட்டும் விடுபட்டிருந்தது. அன்றைக்கே மறுபடியும் மனு எழுதினேன்.