வால் மடித்த சிவப்பு டேப்பு

என் வீட்டுக்காரர் ஆவுடையப்பனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். எனக்கு அதற்கும் மேலே வரும். ஊருக்குத் தெரிந்தது அவருடையது மட்டும்தான். அரிமளத்தில் முப்பது வருஷமாக பஸ்களுக்கு வயரிங் வேலை பார்க்கிறார். பழைய டீசல் வண்டியின் சத்தத்தைக் கேட்டே எந்த ஸ்விட்ச் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அதோடு நிறுத்தினால் பரவாயில்லை, திட்டவும் செய்வார். "வயர வெட்டுறவன் கைய வெட்டணும்" என்று நாளைக்கு நாலு தடவையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

இந்தத் திட்டு பெரும்பாலும் எக்ஸாஸ்ட் பிரேக் விஷயமாகத்தான் இருக்கும். மலை இறக்கத்தில் கால் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடுமாம். அதற்காக, டிரைவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் புகைக்குழாயை அடைத்து இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி ஓர் ஏற்பாடு. அதை ஒரு சின்ன ஸ்விட்ச்தான் இயக்குகிறது. இரும்பு அறுக்கும் ஹேக்சா பிளேடு ஒன்று நுழைகிற அளவுக்கு அதில் இடைவெளி வேண்டும். கூடினால் பிரேக் பிடிக்காது. குறைந்தால் வண்டி ஓடும்போதே பிடித்துக்கொண்டு கரும்புகை கக்கும். அரை மணி நேரம் குனிந்து அதைச் சரிசெய்ய உடம்பு வணங்காதவர்கள் வயரை வெட்டிவிடுவார்கள். எங்கள் பக்கம் நார்த்தாமலை, குடுமியான்மலை என்று பேரில்தான் மலை இருக்கிறது. பஸ் ஏறுகிற மலை இல்லை. அதனால் வெட்டியது யாருக்கும் தெரியாது.

போன தை மாதம் எங்கள் மகளிர் குழு கொடைக்கானலுக்கு டூர் கிளம்பியது. பிள்ளைகளோடு நாற்பத்தெட்டு பேர். குழுத் தலைவி பரிமளா பேசி வைத்திருந்தது ஒரு ரூட்டு பஸ்ஸை, டிரைவர் நாகராசு. காலை ஆறு மணிக்கு டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. என் பையை ஏற்றிவிட வந்த என் வீட்டுக்காரர், இன்ஜின் ஓடும் சத்தத்தைக் கேட்டு அப்படியே நின்றார்.

"நாகராசு, எக்ஸாஸ்ட் பிரேக்கப் போட்டு ஆக்சிலேட்டர மிதிச்சு விடு."

நாகராசு மிதித்து விட்டான். டிக்கென்று ஸ்விட்ச் சத்தமும் இல்லை, உஸ்ஸென்று காற்றும் இல்லை.

என் வீட்டுக்காரர் அவனைப் பிடித்துக்கொண்டார். "இத வச்சுக்கிட்டா மலைக்குப் போற? பொம்பளைக புள்ளைகன்னு இத்தன உசுரு ஏறியிருக்கு, ஒனக்கு அறிவிருக்கா?" திட்டிக்கொண்டே டிரைவர் பக்கத்தில் இருந்த பானட்டைத் திறந்து டார்ச்சோடு குனிந்தார். நாகராசு தலையைத் தொங்கப்போட்டு நின்றான். எங்கள் பெண்களும் சேர்ந்து அவனைக் கிழித்தார்கள். நானும்தான்.

திடீரென்று பானட்டுக்குள்ளிருந்து வந்த திட்டு நின்றது. முதல் சீட்டில் இருந்த நான் எட்டிப் பார்த்தேன். வெட்டிய வயரில் சுற்றியிருந்த டேப்பை உரித்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டிருந்தார். சிவப்பு டேப்பு. நுனி வால் மாதிரி மடித்திருந்தது. அடுத்த முறை பிரிக்க நகத்துக்கு வாகாக இருக்குமென்று அவர் அப்படித்தான் மடிப்பார். என் வீட்டு மிக்ஸி வயரிலும் அயர்ன் பாக்ஸிலும் அதே வால்தான் இருக்கிறது.

நிமிர்ந்தவர் முன்னைவிடச் சத்தமாக நாகராசுவைத் திட்ட ஆரம்பித்தார். பரிமளா ஓனருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். ஓனர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"அவன எறக்கி விடுங்கம்மா, வேற டிரைவர் அனுப்புறேன். இனிமே அவன் என் வண்டிப் பக்கமே வர வேணாம்."

என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டு சும்மா நின்றார். அறைந்துவிடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. எழுந்து போய் அவர் பையில் கையைவிட்டு டேப்பை எடுத்தேன்.

"இது யார் சுத்துனது?"

"வீட்டுல பேசிக்கலாம். நீ போயி ஒக்காரு."

"வயர வெட்டுறவன் கைய வெட்டணும்பீங்களே, இப்ப யார் கைய வெட்ட?"

அவர் குரல் இறங்கியது. "ஓனரு அவசரப்படுத்துனாரு ராணி, இந்த வண்டிங்கிறதே மறந்துபோச்சு. ரூட்டு வண்டிதானே, மலைக்கா போகப்போகுதுன்னாரு."

"அத எங்கிட்டச் சொல்லாதீங்க. போன்ல சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

அவர் போனை வாங்கினார். "வெட்டுனது நாந்தான், நீங்க சொல்லித்தான் வெட்டுனேன். நாகராசுவ எறக்குனா இனிமே ஒங்க வண்டிய நான் தொட மாட்டேன்." ஓனர், "சரி, வண்டிய அவனயே எடுக்கச் சொல்லுங்க" என்று போனை வைத்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் வயரை இணைத்து, பிளேடை வைத்து இடைவெளி பார்க்க, மூன்றாம் தடவையில் ஸ்விட்ச் டிக்கென்றது. உஸ்ஸென்று காற்று வந்தது. பிறகு கைகூடக் கழுவாமல் ஏறி பானட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். கொடைக்கானல் போய், அங்கே சுற்றி, இறங்கும் வரைக்கும் நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வத்தலக்குண்டு இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் நாகராசு காலை எடுக்க எடுக்க அந்தச் சத்தம் வந்தது. அவர் அதை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தார்.

அடிவாரத்தில் டீக்கு நிறுத்தினார்கள். நாகராசு மேலேயும் எனக்குக் கோபம் இருந்தது.

"ஒனக்குத் தெரியும்ல? தெரிஞ்சே எங்கள ஏத்திக்கிட்டு வாயத் தொறக்காம நின்னியே?"

"முன்னாடியே தொறந்தேன்க்கா. ஓனர்ட்ட ரெண்டு தடவ சொன்னேன். வெட்ட வேணாம்னு ஆவுடையப்பண்ணன்ட்டயும் சொன்னேன். ஒனக்குத்தான்டா வண்டி ஓட்டத் தெரியலன்னாரு. இன்னைக்கும் சொல்லியிருந்தா அதத்தான் சொல்லியிருப்பாரு."

டீ கிளாஸோடு பக்கத்தில்தான் நின்றார் என் வீட்டுக்காரர். எல்லாம் அவர் காதில் விழுந்தது. அவர் யாரையும் திட்டவில்லை.