பூட்ஸுக்குள் தண்ணீர் வந்த வழி

சளக், சளக், சளக். தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த என் அப்பா, மழைக்காலத்தில் வீடு திரும்பும் ஓசை அது. அவருடைய குரலுக்கு முன்னால் சப்பாத்து கேட்கும். ஒவ்வொரு அடிக்கும் உள்ளே இருக்கும் தண்ணீர் ஒரு தரம் அழுந்தி, ஒரு தரம் மூச்சு வாங்கும்.

சப்பாத்து வியாபாரத்தில் எந்தக் கேள்விக்கும் பதில் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும்; ஆனால் 'இது நனையாதா?' என்ற கேள்விக்கு அச்சடித்த பதிலை மட்டும் நம்ப முடியாது. பண்டாரவளையில் இருக்கும் எங்கள் சப்பாத்துக் கடைக்கு நான் வந்து ஐந்து வருடமாகிறது. முப்பத்திரண்டு வருடம் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றேன். கணவர் போன பிறகு வீட்டில் கடிகாரச் சத்தம் பெரிதாகிவிட்டது. கடை முதலாளி நானாவின் இரண்டு பெண்களும் என்னிடம் படித்தவர்கள். சும்மா இருக்கிற நேரத்தில் கடைக்கு வந்து பெட்டிகளில் இருக்கும் இங்கிலீஷை வாசித்துச் சொல்லுங்கள் என்று அவர்தான் கூப்பிட்டார். ஈரக் காலுறையைக் கழற்றிப் பிழிந்தபடி, இது எங்கிருந்து வந்தது என்று குழம்பி நின்றிருக்கும் எல்லோரும் என் கட்சிதான். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பெட்டி சொன்னது

பசறைப் பக்கம் காணி அளக்கப் போகும் ஒருவர் மலையேறும் பூட்ஸ் கேட்டு வந்தார். கொழும்பிலிருந்து புதிதாக வந்த ஒரு சோடி இருந்தது. நான் பெட்டியை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தேன். தண்ணீர் புகாது என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தது. ஒரு துளி தண்ணீர் தோலில் பட்டுத் தெறித்து ஓடுவது போலப் படமும் இருந்தது. வகுப்பில் பாடம் ஒப்பிப்பது போல அவ்வளவையும் சொன்னேன். அவரும் நல்ல மாணவரைப் போலத் தலையாட்டி வாங்கிப் போனார்.

பத்தாம் நாள் வந்தார். ஒரு பூட்ஸை எங்கள் கண்ணாடி மேசையின் மேல் வைத்து மெதுவாகச் சாய்த்தார். தண்ணீர் வந்தது. வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு தேயிலை இலையும் வந்தது. நானா துணி தேடி ஓடினார். நான் பெட்டியை எடுத்து மறுபடியும் வாசித்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கோபப்படவில்லை. பூட்ஸை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "பெட்டியில போட்டது பொய்யில்ல டீச்சர். இதுக்குள்ள போன தண்ணி ஒரு சொட்டும் வெளிய வரல."

பேசின் பரீட்சை

செல்வம் எங்கள் கடைக்கு அடிக்கடி வந்துபோகும் வழிகாட்டி. வெள்ளைக்காரர்களைத் தோட்டங்கள் வழியாக மலைக்குக் கூட்டிப்போகும் வேலை. ஊருக்குத் திரும்பும்போது சுமை குறைக்க அவர்கள் விட்டுப்போகும் பொருட்களை எங்கள் கடையில் கொண்டுவந்து வைப்பதும் உண்டு. அப்படி ஒருநாள் ஒரு பெண்ணின் பூட்ஸ் வந்தது. சாம்பல் நிறம், அளவு முப்பத்தேழு, அதிகம் தேயவில்லை. பெட்டி இல்லை. வாசிக்க ஒன்றும் இல்லாததால் நாங்களே பரீட்சை வைக்க முடிவு செய்தோம்.

நானா இரண்டுக்குள்ளும் தண்ணீர் நிரப்பிப் பத்திரிகைத் தாளின் மேல் வைத்தார். ஒரு மணித்தியாலம் கழித்தும் தாள் காய்ந்தே இருந்தது. அடுத்ததாக அதைக் கொட்டிவிட்டுக் காயவைத்து, மிதக்காமல் உள்ளே கல்லைப் போட்டு, தண்ணீர் நிரப்பிய பேசினில் நிற்க வைத்தோம். உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். ஈரமில்லை. நானா வெற்றி பெற்ற முகத்தோடு செல்வத்தைப் பார்த்தார். செல்வம் பேசினில் நின்ற பூட்ஸைக் காட்டிச் சொன்னார்: "நின்னா நனையாது நானா. எங்க தொழில்ல யாரும் நிக்கிறதில்ல."

தனலெட்சுமி கேட்டது

அந்தச் சாம்பல் பூட்ஸைத் தேடித்தான் தனலெட்சுமி வந்தார். பூனாகலைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். ஐம்பது வயதிருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, கட்டுப் போட்டிருந்த இடது காலை எனக்குக் காட்டினார். சீனி வருத்தம், சர்க்கரை வியாதி. சுண்டுவிரலைப் போன வருடம் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். பக்கத்து விரலின் அடியில் இப்போது புதிதாக ஒரு புண். ஈரம் படாமல் பார்த்துக்கொண்டால் அந்த விரல் தப்பும், இல்லாவிட்டால் அதுவும் போகும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள்.

முழங்கால் வரை வரும் ரப்பர் கம்பூட்ஸ் போட்டுப் பார்த்திருக்கிறார். செங்குத்தான மலையில் அது வழுக்குகிறது, உள்ளே வெந்து புண்ணில் உரசுகிறது. செல்வம் அவருடைய லயத்தில், அதே வரிசை வீடுகளில் வளர்ந்த பிள்ளை. செல்வம் சொல்லித்தான் இந்தச் சோடியைப் பார்க்க வந்திருந்தார். காலுக்குச் சரியாக இருந்தது. இது நனையாதுதானே என்று கேட்டார். நானா ஆம் என்று வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வாரம் பொறுங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றேன். தனலெட்சுமி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "தெரியலன்னா தெரியலன்னே சொல்லிருங்க டீச்சர். தெரியும்னவங்க பேச்சக் கேட்டுத்தான் ஒரு வெரலு போச்சு."

நான் நடந்து பார்த்தது

என் காலும் முப்பத்தேழுதான். மறுநாள் நல்ல மழை. காலுறைக்கும் பூட்ஸுக்கும் நடுவில் பத்திரிகைத் தாளைச் சுற்றிக்கொண்டு, குடையோடு விளையாட்டு மைதானத்து ஓரப் புல்லில் முக்கால் மணித்தியாலம் நடந்தேன். அறுபத்தெட்டு வயதுக்காரி மழையில் ஒரே புல்லில் போவதும் வருவதுமாக இருந்ததைப் பார்த்து, இரண்டு பழைய மாணவிகள் வீட்டுக்குக் கொண்டுபோய் விடட்டுமா என்று பணிவாகக் கேட்டார்கள்.

கடையில் வந்து கழற்றினேன். தாள் ஈரமாக இருந்தது. சொட்டச் சொட்ட நனையவில்லை. காலைப்பனி பட்டது போல எல்லா இடத்திலும் ஒரே மாதிரி. தையல் வழியாக வந்திருந்தால் ஒரு பக்கம் மட்டும் அல்லவா நனைந்திருக்க வேண்டும்? செல்வம் இது வேர்வை என்றார். நானா மழை என்றார். வேர்வை என்றால் உப்புக் கரிக்கும், நாக்கில் வைத்துப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. யாருடைய நாக்கு என்பதில் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. ஈரமான தாளைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். வெளியே இருப்பதை உள்ளே விடாத தோல், உள்ளே இருப்பதை வெளியேயும் விடாது போலிருக்கிறது. அதை நான் சொன்னபோது நானா தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார்: "மழையா வேர்வையா எண்டு அந்தப் புண்ணுக்கு விளங்குமா டீச்சர்?"

படங்கு

தெரியவில்லை என்றே தனலெட்சுமியிடம் சொன்னேன். நின்றால் நனையாது, நடந்தால் என்னவோ, நடுப்பகலில் காலுறையை மாற்றிக்கொள்ளுங்கள் என்று மூன்று சோடி காலுறையும் கொடுத்தேன். தெரியாது என்று சொன்ன முதல் ஆள் நான்தான் என்று சிரித்துக்கொண்டே பூட்ஸோடு போனார். நான்காம் நாள் செல்வத்திடம் சொல்லி அனுப்பியிருந்தார்: உள்ளே குளம் கட்டி நிற்கிறது.

அன்று எனக்குத் தூக்கமில்லை. விடியற்காலை முதல் பஸ்ஸில் புறப்பட்டுத் தோட்டத்துக்குப் போனேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டுப் பெண்கள் மலை ஏறிக்கொண்டிருந்தார்கள். சாரல். தேயிலைச் செடிகளின் ஒவ்வோர் இலையிலும் தண்ணீர் காத்துக்கொண்டு நின்றது. எல்லோரும் இடுப்பைச் சுற்றிப் படங்கு கட்டியிருந்தார்கள். செடிக்குள் நுழையும்போது உடுப்பு நனையாமல், கிழியாமல் இருக்கக் கட்டும் பிளாஸ்டிக் விரிப்பு அது. தனலெட்சுமியின் படங்கு மட்டும் மற்றவர்களுடையதைவிட நீளம். அதன் கீழ் ஓரத்தை மடித்து, மிக அழகாக, பூட்ஸின் கழுத்துக்குள் சுற்றிலும் செருகி நாடாவை இறுக்கியிருந்தார். இரத்தம் குடிக்கும் அட்டை காலில் ஏறாமல் இருக்கவாம். செடியிலிருந்து விழுந்த தண்ணீரெல்லாம் படங்கில் வழிந்து, கூரைத் தண்ணீர் பீலியில் இறங்குவது போல நேராகப் பூட்ஸுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

நான் ஈர மண்ணில் முழங்காலிட்டுப் படங்கை வெளியே இழுத்துவிட்டேன். பூட்ஸின் மேல் அதைத் தொங்கவிட்டுச் சணல் கயிற்றால் ஒரு கட்டுப் போட்டேன். மேலே இருந்த பெண்கள் கூடையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். பரீட்சையில் கோட்டை விட்ட பிள்ளையைப் போல் முகத்தை வைத்துக்கொண்டு தனலெட்சுமி சொன்னார்: "அட்டைக்கு ஒருத்தி சொன்னா, மழைக்கு நீங்க சொன்னீங்க. ரெண்டு பேரும் ஒருத்தரயொருத்தர் பாத்துப் பேசியிருக்கணும்ல?"

கிளினிக் கொப்பி

அதற்குப் பிறகு ஒருநாள் உள்ளே காய்ந்திருக்கும், ஒருநாள் ஈரமாக இருக்கும். கயிறு நழுவியதா, தையல் விட்டதா, வேர்வையா, செல்வத்துக்கும் தெரியவில்லை, நானாவுக்கும் தெரியவில்லை. நான் தையலில் மெழுகு தேய்த்தேன். செல்வம் தன்னுடைய வெள்ளைக்காரர்களிடம் கேட்டு ஏதோ எண்ணெய் கொண்டுவந்தார். புண் பெரிதாகவும் இல்லை, ஆறவும் இல்லை. இரண்டு மாதம் இப்படிப் போனது.

பிறகு ஒரு புதன்கிழமை தனலெட்சுமி செருப்போடு கடைக்கு வந்தார். பூட்ஸ் எங்கே என்று பதறிக் கேட்டேன். சாவகாசமாக உட்கார்ந்து கிளினிக் கொப்பியை விரித்துக் காட்டினார். கட்டு மாற்றும் நர்ஸ் மிஸ்ஸியிடம் மழையில் நிற்கிற வேலை என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். மிஸ்ஸி உள்ளே போய் டொக்டரிடம் இரண்டு வரி எழுதி வாங்கி வந்தார்: இவருக்குக் கூரைக்குக் கீழே வேலை கொடுக்கவும். தோட்டத்தை நடத்தும் துரை அதை வாசித்துவிட்டு, தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்கு அவரை மாற்றிவிட்டார். அவ்வளவுதான்.

அந்த இரண்டு வரியை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனை பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதப் பழக்கியிருக்கிறேன். தோட்டத்துக்கே போய் மண்ணில் முழங்காலிட்டுக் கயிறு கட்டினேன், ஒரு தாளை எடுத்து இரண்டு வரி எழுதிக் கேட்கலாம் என்று தோன்றவே இல்லையே என்று அவரிடம் சொன்னேன். தனலெட்சுமி என் முழங்கையைத் தொட்டுச் சொன்னார்: "நா பூட்ஸப் பத்தித்தானே கேட்டேன் டீச்சர், வேலையப் பத்திக் கேக்கலயே."

பேசினிலும் புல்லிலும் மலையிலும் பரீட்சை வைத்த பிறகும் அந்தப் பூட்ஸ் நனையுமா நனையாதா என்று என்னால் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது; தனலெட்சுமி பிள்ளைக் காம்பராவில் காய்ந்த சிமெந்துத் தரையில் பதினான்கு குழந்தைகளுக்குப் பால் கரைத்துக் கொடுக்கிறார், அவருக்கு ஒன்பது விரல்களும் இருக்கின்றன.