எத்தியோப்பியாவில் ஒரு ஷாமியானா

வாணியம்பாடியில் ஒரு தோல் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் சில வருடங்கள் இருந்துவிட்டு, எத்தியோப்பியாவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தோல் வேதியியல் கற்பிக்கப் போனேன். அங்கும் ஊருக்கு வெளியே தோல் தொழிற்சாலைகள் இருந்தன. காற்று திரும்பினால் அதே வாடை அறைக்குள் வந்தது. முதல் வாரமே நன்றாகத் தூங்கினேன்.

சாப்பாடும் பெரிய சிக்கலாக இல்லை. இஞ்செரா என்று ஒன்று தருவார்கள். நன்றாகப் புளித்த மாவில், திருப்பிப் போடாமல் எடுத்த, தாம்பாளம் அகலத் தோசை. போனில் அம்மாவிடம் சொன்னேன்.

"தோசை துன்றதுக்கா அவ்ளோ தூரம் போன?" என்றாள்.

மனிதர்கள்தான் பிடிபடவில்லை. காலையில் வகுப்பு, மாலையில் தெருமுனைக் கடையில் முட்டை, பிறகு அறை. கடைக்காரர் முட்டையை எடுத்து வைப்பார். நான் தலையாட்டுவேன். அவரும் ஆட்டுவார். எனக்கு அறையை வாடகைக்குத் தந்த வீட்டுக்காரம்மா பள்ளி ஆசிரியை, ஆங்கிலம் பேசுவார். தெருவில் வேறு யாரோடும் பேச்சில்லை. மாதங்கள் இப்படியே போயின.

ஒரு சனிக்கிழமை கடை மூடியிருந்தது. கடைக்காரர் வீட்டு முன்னால் தெருவை அடைத்து ஷாமியானா கட்டி, பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். நல்ல கூட்டம். எங்கள் பக்கம் சாவு என்றால் நாலு தெரு தள்ளியே தெரிந்துவிடும். மேளமும் வெடியும் காதைக் கிழிக்கும். இங்கே சத்தமே இல்லை. ஆகவே கல்யாணம் என்று முடிவு செய்தேன். அவருக்குக் கல்யாண வயதில் ஒரு மகள் இருந்ததும் அந்த முடிவுக்கு உதவியது.

என்னை யாரும் அழைக்கவில்லைதான். ஆனால் எங்கள் தெரு பாய் வீட்டுக் கல்யாணங்களுக்கு நாங்கள் பத்திரிகையைப் பார்த்துப் போனதில்லை, பந்தலைப் பார்த்துத்தான் போனோம். மஞ்சள் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டேன். பேக்கரியில் கிரீம் ரோஜா வைத்த கேக் வாங்கினேன். 'வாழ்த்துகள்' என்பதற்கு அம்ஹாரிக் மொழியில் என்ன என்று பேக்கரிப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டேன். வாசலில் நின்ற கடைக்காரரின் கையைப் பிடித்து, அதைத் தெளிவாகச் சொன்னேன்.

அவர் என் சட்டையையும் கேக்கையும் பார்த்தார். பிறகு கேக்கை வாங்கிக்கொண்டு, முன்வரிசையில் உட்காரவைத்தார்.

ஒரு தட்டில் வேகவைத்த கோதுமையும் கொண்டைக்கடலையும் வந்தன. சுண்டலைப் பார்த்ததும் இருந்த கொஞ்சநஞ்சத் தயக்கமும் போய்விட்டது. பெண்கள் அழ ஆரம்பித்தபோதும் நான் கலங்கவில்லை. பெண்ணை அனுப்பும்போது எங்கள் ஊரிலும் அழுவார்கள்.

வீட்டுக்காரம்மா வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்களுக்கு அந்த அம்மாவைத் தெரியுமா?"

"எந்த அம்மா?"

"இறந்துபோனவர். கடைக்காரரின் தாய்."

வாயிலிருந்த கடலையை என்ன செய்வதென்று தெரியவில்லை. விழுங்கினேன். எழுந்திருக்கப் பார்த்தேன். அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"உட்காருங்கள். வந்ததில் தப்பில்லை. இப்போது எழுந்து போனால்தான் தப்பு."

இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன். அத்தனை பேரில் மஞ்சள் நான் ஒருவன்தான். கொஞ்ச நேரத்தில் நானும் அழுதேன். அந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவ்வளவு பேர் நடுவில் நான் உட்கார்ந்ததே இல்லை. அதுவும் காரணமாக இருக்கலாம்.

மறுநாளும் போனேன், சாம்பல் நிறச் சட்டையில். பெஞ்சு தூக்கினேன். ஷாமியானா பிரித்தபோது, வீட்டுக்காரம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"கேக்கைப் பிள்ளைகள் தின்றார்கள்," என்றார் அவர். "அன்றைக்கு அவர்களை யாரும் கவனிக்கவில்லை."

அதன்பிறகு தெருவில் எல்லோரும் என்னை நிறுத்திப் பேசினார்கள், எனக்குப் புரிகிறதா என்று பாராமலே. கடைக்காரர் காபி கொடுக்காமல் முட்டை தருவதில்லை. வீட்டுக்காரம்மா என்னைத் தெருச் சங்கத்தில் சேர்த்துவிட்டார். மாதச் சந்தா உண்டு. உறுப்பினர் வீட்டில் சாவு விழுந்தால் ஷாமியானா, பெஞ்சு, சாப்பாடு, கூட உட்கார ஆள், எல்லாம் சங்கம் பார்த்துக்கொள்ளும்.

அம்மாவிடம் சொன்னேன்.

"இன்னாடா சொல்ற? வேலைக்குப் போன எடத்துல சாவு சங்கத்துல சேந்துட்டியா?"

"இங்க எல்லாரும் சேர்றாங்கம்மா."

"கூட்டம் வருமா?"

"தெருவே வரும்."

"அப்ப சரி. மாசா மாசம் ஒழுங்கா கட்டிடு."