பங்குனியில் வந்த தண்ணீர்

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், பூம்புகார் கடற்கரைக்குச் சுற்றுலா வருபவர்களைப் படம் எடுப்பது என் பிழைப்பு. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடித்த தம்பதிகள், கழுத்து மாலையோடு வேனில் நேரே இங்கே வருவார்கள். காவிரி கடலில் கலக்கும் இடத்தில் நின்று ஒரு படம். எல்லோரும் கேட்டது அதைத்தான்.

ஆனால் தை கழிந்தால் முகத்துவாரத்தில் வெறும் மணல் மேடுதான். அதனால் ஐப்பசியில், ஆறு நிறைந்து கடலில் விழும்போது, ஒரு படம் எடுத்து வைத்திருந்தேன். கோடையில் வந்தவர்களை மணலில் நிறுத்தி எடுத்து, பிரதியிலிருந்து அவர்களை மட்டும் பிளேடால் வெட்டி, அந்த ஐப்பசிப் படத்தின் மேல் ஒட்டி, அதை மறுபடி படம் எடுப்பேன். கணுக்காலுக்குமேல் வெட்டினால் தண்ணீரில் நிற்பதுபோல இருக்கும். கேட்டவர்களுக்கு மட்டும்தான் செய்து கொடுத்தேன். என்றாலும் ஒரு படத்தின் பின்னாலும் அதை எழுதியதில்லை. கடை முத்திரையும், பென்சிலில் நெகட்டிவ் உறையின் எண்ணும் மட்டும் இருக்கும்.

சென்ற மாதம், மயிலாடுதுறையில் இருக்கும் என் ஸ்டூடியோவுக்கு அப்படி ஒரு படத்தோடு ஒரு பெண் வந்தார். சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர். கூடவே எண்பதை நெருங்கும் அவருடைய அம்மா. சட்டத்தில் கரையான் ஏறியிருந்தது. புதிதாகப் பிரதி எடுத்துத் தரவேண்டும் என்றார்.

"நாளைக்கு இவங்களை மெட்ராஸ்ல ஒரு ஹோம்ல சேக்குறேன் சார். ரூம்ல மாட்டணும். தனியா விட முடியல, ஞாபகம் தப்பிப்போச்சு."

"ஒருநாள் கேஸை மூட மறந்தேன். அதுக்கு இவ்வளவு பேச்சு" என்றார் அம்மா.

"அது மட்டுமா? இந்தப் படத்தையே பாருங்க சார். அன்னிக்கு ஆத்துல சொட்டுத் தண்ணி இல்லைங்கிறாங்க. கண்ணு முன்னாடி இவ்வளவு தண்ணி ஓடுது!"

"பங்குனியில ஏதுடி தண்ணி? நீதான் லீவு இல்லைன்னு எங்க அறுபதாம் கல்யாணத்துக்கு வரவே இல்லையே. கோயில் வாசல்ல என் செருப்பு தொலைஞ்சுபோச்சு. மணல் கொதிச்சுது. உங்கப்பா அவரு செருப்பைக் கழட்டிக் குடுத்துட்டு வெறுங்காலோட குதிச்சுக்கிட்டு வந்தாரு."

"பாத்தீங்களா? மூணு மாசமா இதேதான்" என்றார் மகள், தாழ்ந்த குரலில்.

நான் படத்தைச் சன்னலோரம் கொண்டுபோனேன். தம்பதியின் முகத்தில் உச்சி வெயில். மூக்கின் நிழல் நேராக உதட்டில் விழுந்திருந்தது. பின்னால் தண்ணீரில் மாலை வெளிச்சம். என் கைவேலைதான். எதுவும் சொல்லாமல் புதுப் பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டால் என் பெயருக்குக் குறையில்லை. அப்படி நினைத்ததையும் இங்கே எழுதிவிடுகிறேன். அரை நிமிடம் இருக்கும்.

பிறகு எண்ணைப் பார்த்து அலமாரியிலிருந்து உறையை எடுத்தேன். மேலே என் கையெழுத்து: "பங்குனி, பகல் பன்னிரண்டு. ஆறு வறண்டது. தண்ணீர் சேர்க்கவும்."

நெகட்டிவைக் கணினியில் ஏற்றித் திரையில் பெரிதாக்கினேன். சுற்றிலும் வெண்மணல். பட்டுப்புடவைக்குக் கீழே, குதிகாலுக்கு வெளியே ஒரு விரற்கடை நீண்டுகிடக்கும் ஆண்பிள்ளைச் செருப்பு. பக்கத்தில் வேட்டிக்குக் கீழே வெறுங்கால். அதில் ஒன்று சூடு தாங்காமல் மற்றதன்மேல் ஏறியிருந்தது.

"உங்க அம்மா சொன்னதுதாங்க சரி. தண்ணி நான் ஒட்டினது" என்றேன்.

மகள் திரையிலிருந்து அம்மாவிடம் திரும்பினார்.

"ஏம்மா, போட்டோக்காரர் ஒட்டினதுன்னு அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"ஒட்டுனது எனக்கு எங்க தெரியும்? உங்கப்பா தனியாப் போய் வாங்கிட்டு வந்தாரு. கேட்டதுக்கு, கடைமடைக்காரன் வீட்டுல போட்டோவுலயாவது தண்ணி வரட்டும்னாரு. வேற எதுவும் சொல்லல." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒட்டுனதுதான் ஒட்டுனே தம்பி, அந்தக் காலை வெட்டாம விட்டிருக்கக் கூடாதா?"

"தப்புதாங்கம்மா."

மகள் வெளியே போய் யாருக்கோ போன் செய்தார். கதவு திறந்தே இருந்ததால் காதில் விழுந்தது: நாளைக்கு வரவில்லை, முதலில் உள்ளூர் டாக்டரிடம் காட்டப்போகிறேன், அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

செருப்பு இருக்கும் படத்தைத்தான் பிரதி எடுத்துப் போனார்கள். பழைய படத்தை அம்மா கேட்கவில்லை, என்னிடமே இருக்கிறது. அதன் பின்புறம், முத்திரைக்குக் கீழே, "தண்ணீர் சேர்த்தது" என்று மையால் எழுதினேன். அலமாரியில் இன்னும் எத்தனை உறைகளில் "தண்ணீர் சேர்க்கவும்" என்ற குறிப்பு இருக்கிறது என்று தெரியவில்லை. பங்குனி மாத உறைகளிலிருந்து பார்க்கத் தொடங்கியிருக்கிறேன்.